பனியன் பறந்தது, தைத்தவன் நின்றான்!

2020 மார்ச் 23 அன்று இந்திய நாட்டின் ஆகாய வாசல் சாத்தப்பட்டது. வெளிநாடுகளுக்கு மாமூலாக ஓடும் பிரயாணி விமானங்கள் அத்தனையும் நின்றன. இரண்டு வருஷம் கழித்து, 2022 மார்ச் 27-ல்தான் அவை வழக்கம்போல் ஓட அனுமதி கிடைத்தது. இடையில் மாதா மாதம் மத்திய சர்க்கார் தடையை நீட்டி உத்தரவு போட்டது. உத்தரவு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வரி தவறாமல் இருந்தது. "இந்தத் தடை சரக்கு விமானங்களுக்குப் பொருந்தாது" என்பதே அதன் சாரம்.

இந்த ஒரு வரியைத் திருப்பூர்த் தொழிலாளி மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும். நாம் ஓவர்லாக் அடித்து, பேட்லாக் அடித்து, செக்கிங் பார்த்து, அயர்ன் போட்டு, பெட்டியில் அடைத்த பனியனுக்குத் தடை இல்லை. அதன் மூக்கில் யாரும் குச்சி விடவில்லை. 72 மணி நேரத்துக்குள் எடுத்த சர்ட்டிபிகேட் எங்கே என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. நோய்க் காலத்தின் நடுவிலே, 2021-22 வருஷத்தில், திருப்பூரிலிருந்து 33 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேலான சரக்கு வெளிநாடு போயிற்று. சரக்கு போயிற்று, சரக்கைத் தைத்தவன் நின்றான். அவன் போக வேண்டுமானால், காசை எடுத்து வை என்றார்கள்.

நோய் பரவாமல் தடுக்கச் சோதனை வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டும்! சோதனை கூடாது என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. தொழிலாளியின் வீடு ஒற்றை அறை வீடு. அங்கே ஒருவனுக்கு நோய் வந்தால் ஐந்து பேருக்கு வரும். சோதனையின் அருமை பங்களாக்காரனைவிட நமக்குத்தான் அதிகம் தெரியும். நாம் கேட்பது வேறு. கட்டளை போட்டது சர்க்கார். லாபம் பார்த்தது லேபரட்டரிக் கம்பெனி. ஆள் வந்து சேர்ந்ததால் ஆதாயம் அடைந்தது வெளிநாட்டு முதலாளி. அப்படியானால் ரசீதில் பெயர் மட்டும் ஏன் தொழிலாளியுடையதாக இருந்தது?

ஒரு டெய்லரின் கணக்கு

நம் சங்க ஆபீசுக்கு வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். வேலம்பாளையத்துப் பக்கம் வீடு. பத்து வருஷம் திருப்பூரில் பவர் டேபிளில் தைத்தவர். பிறகு ஷார்ஜாவில் ஒரு தையல் கம்பெனிக்குப் போனார். தங்கையின் கல்யாணத்துக்காக 2021 மார்ச்சில் லீவில் வந்தார். ஏப்ரல் 24 நள்ளிரவோடு ஐக்கிய அரபு அமீரகம் இந்தியாவிலிருந்து வருவோருக்குக் கதவைச் சாத்தியது. ஒரு மாத லீவு ஏழு மாதம் ஆயிற்று.

ஆகஸ்டு 5-ல் கதவு கொஞ்சம் திறந்தது. ஆனால் அமீரகத்திலேயே இரண்டு ஊசியும் போட்டவர்களுக்குத்தான் முதலில் வழி. இவர் ஊசி போட்டது இங்கே. செப்டம்பர் 12-க்குப் பிறகுதான் இவருக்கும் வழி பிறந்தது. அதற்கு விதித்த நிபந்தனை என்ன? புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்குள் ஒரு சோதனை. அது போதாதென்று, விமானம் ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்னால், விமான நிலையத்திலேயே இன்னொரு துரித சோதனை. இந்தத் துரித சோதனைக்கு மட்டும் சுமார் மூவாயிரம் ரூபாய். ஷிப்டுக்கு ஐந்நூறு ரூபாய் என்று வைத்தாலும் ஆறு ஷிப்டுக் கூலி! அரை மணி நேர வேலைக்கு ஆறு நாள் கூலி கேட்கிறவன் யாராவது திருப்பூரில் உண்டா?

அக்டோபரில் போனார். முதல் சோதனையில் நோய் இல்லை என்று வந்தது. விமான நிலையத்துச் சோதனையில் உண்டு என்று வந்தது. பெட்டியோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சங்க ஆபீசில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க தோழர், நேத்து இல்லாத நோய் இன்னைக்கு எப்படிங்க வந்துச்சு? எனக்குக் காய்ச்சலும் இல்லீங்க, சளியும் இல்லீங்க. ஆகஸ்டுல வந்துட்டுப் போனதுதானுங்க."

"இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேக்கலீங்களா?"

"கேட்டனுங்க. அதுக்கும் மூவாயிரம்னாங்க. கையில இருந்தது பஸ்சுக்குத்தானுங்க. டிக்கெட்டுப் பணமும் போச்சுங்க. ஊட்டுக்காரி கழுத்துல இருந்ததை வெச்சு எடுத்த டிக்கெட்டுங்க."

மூன்று நாள் கழித்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்த்தார். நோய் இல்லை என்றே வந்தது. எந்த யந்திரம் சரி, எந்த யந்திரம் தப்பு என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. விஷயத்தைப் புரிந்துகொண்டால் இதில் மாய மந்திரம் ஒன்றுமில்லை என்பது தெரியும்.

யந்திரம் என்ன செய்கிறது?

மூக்கிலிருந்து எடுத்த சளியில் கிருமியின் துணுக்கு இருந்தால், யந்திரம் அதைப் பிரதி எடுக்கிறது. சூடாக்கி, ஆற வைத்து, மறுபடி சூடாக்கி, ஒன்றை இரண்டாக்கும், இரண்டை நான்காக்கும். முப்பது சுற்று ஓடினால் ஒரு துணுக்கு நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். அதனால்தான் துளி இருந்தாலும் அது கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் அந்தத் துணுக்கு உயிருள்ள கிருமியுடையதா, செத்துப்போன கிருமியின் மிச்சமா என்று அதற்குத் தெரியாது. நோய் குணமாகி வாரக்கணக்கில் ஆன பிறகும் செத்த மிச்சம் சிலர் மூக்கில் கிடக்கும். ஒரு தடவை அகப்படும். இன்னொரு தடவை அகப்படாது. இது வைத்தியர்கள் அறிந்த விஷயம்.

அறிந்தும், பழைய நோயாளி யார், புது நோயாளி யார் என்று பிரித்துப் பார்க்க வைத்தியரை வைத்தார்களா? இலவசமாக இரண்டாவது சோதனை செய்தார்களா? ஒரு வாரம் கழித்து அதே டிக்கெட்டில் போகலாம் என்று உறுதி தந்தார்களா? அந்தத் தொழிலாளிக்கு மூன்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. யந்திரத்தின் சந்தேகத்துக்கெல்லாம் அபராதம் கட்டியவன் அவன்தான்.

இந்தக் கண்டுபிடிப்பின் சரித்திரத்தையும் கேளுங்கள். 1983-ல் அமெரிக்காவில் ஸீட்டஸ் என்ற கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை செய்த காரி முல்லிஸ் என்ற விஞ்ஞானி இந்த முறையைக் கண்டுபிடித்தார். 1993-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கம்பெனி அவருக்குக் கொடுத்த வெகுமதி 10 ஆயிரம் டாலர். அதே கம்பெனி 1991-ல் அதன் உரிமையை ஸ்விஸ் மருந்து முதலாளிக்கு விற்ற விலை 30 கோடி டாலர்! மூளையால் உழைத்தாலும் சரி, கையால் உழைத்தாலும் சரி, முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் உழைப்பவனுக்கு விழும் பங்கு இதுதான்.

விலை எப்படி இறங்கியது?

"சோதனைக்குச் செலவாகிறது, இலவசமாகச் செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள். செலவு எவ்வளவு என்று பார்ப்போம். 2020 மார்ச்சில் தனியார் லேபரட்டரிகள் 4,500 ரூபாய் வரை வாங்கலாம் என்று மத்திய சர்க்காரின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வரம்பு வைத்தது. அதே சோதனைக்கு அதே வருஷம் டிசம்பரில் ஒடிசா சர்க்கார் வைத்த வரம்பு 400 ரூபாய்! 2021 ஏப்ரல் கடைசியில் கேரள சர்க்கார் 1,700-ஐ 500 ஆக்கியது. லேபரட்டரிக்காரர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்களே தவிர, கடையை மூடிவிட்டுப் போகவில்லை. 4,500-க்கும் 400-க்கும் நடுவில் இருந்த தொகைக்கு என்ன பெயர்? எரிகிற வீட்டில் பிடுங்கியது மிச்சம் என்பார்களே, அதுதான் பெயர்.

2020 ஏப்ரல் 8-ல் சுப்ரீம் கோர்ட்டு எல்லோருக்கும் சோதனை இலவசம் என்றது. ஐந்தே நாளில், 13-ந் தேதி, அந்த உத்தரவு சுருங்கியது. ஏழைகளுக்கான இன்ஷூரன்ஸ் திட்டத்தில் வருவோருக்கும், சர்க்கார் ஏழை என்று ஒப்புக்கொள்ளும் பிரிவினருக்கும் மட்டுமே இலவசம் என்று ஆயிற்று. மற்றவர்கள் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கிருமிக்குப் பேதம் இல்லை, சட்டத்துக்கு உண்டு

"கிருமி ஏழை பணக்காரன் என்று பார்ப்பதில்லை, எல்லோரும் ஒரே வரிசையில்தான் நின்றோம்" என்று பேசுகிறார்கள். இது பச்சைப் பொய்.

2021 ஏப்ரலில் அமீரகம் கதவைச் சாத்தியபோது யார் யாருக்கு விலக்கு தந்தது தெரியுமா? ராஜதந்திரிகளுக்கு. 'தங்க விசா' வைத்திருக்கும் செல்வந்தர்களுக்கு. சொந்த விமானத்திலும் வாடகைக்கு எடுத்த வியாபார விமானத்திலும் வருகிறவர்களுக்கு! சோதனையும் பத்து நாள் தனிமையும் உண்டு என்றாலும், கதவு அவர்களுக்குத் திறந்தே இருந்தது. டில்லியில் பிராண வாயு இல்லாமல் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த அதே வாரத்தில், தனி விமானங்களில் துபாய்க்குப் பறந்தது ஒரு கூட்டம். சாதாரண டிக்கெட் விலையும் பல மடங்கு ஏறியது. கிருமி தனி விமானத்தில் ஏறாது என்று எந்த வைத்திய சாஸ்திரம் சொல்கிறது?

வேலை போய்விடும் என்று பயந்த தொழிலாளிகள் என்ன செய்தார்கள்? ஆர்மீனியாவுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் போய், 14 நாள் அங்கே தங்கி, அங்கிருந்து வளைகுடாவுக்குப் போனார்கள். விடுதிச் செலவு, சாப்பாட்டுச் செலவு, ஒவ்வொரு எல்லையிலும் புதிதாக ஒரு சோதனைச் செலவு. காடு கழனியை அடமானம் வைத்துப் போனவர்கள் உண்டு.

இன்னொரு கூத்தைப் பாருங்கள். புனேயில் தயாரான கோவிஷீல்டு ஊசி மருந்தில் 50 லட்சம் டோஸை 2021 மார்ச்சில் பிரிட்டிஷ் சர்க்கார் வாங்கித் தன் ஜனங்களுக்குப் போட்டது. அதே வருஷம் அக்டோபர் 4-ல் அமலான விதியில், அதே மருந்தை இந்தியாவில் போட்டுக்கொண்டு வருகிறவன் ஊசியே போடாதவனாகக் கருதப்பட்டான்! சோதனை, பத்து நாள் தனிமை, எல்லாம் மறுபடி. இந்தியா பதிலுக்கு அதே விதியைப் பிரிட்டிஷ்காரர்களுக்கு விதித்த பிறகுதான், ஒரு வாரத்தில், அக்டோபர் 11-ல், வழிக்கு வந்தார்கள். புனே மருந்து செல்லும்; புனேக்காரன் கைச் சர்ட்டிபிகேட் செல்லாது. திருப்பூர் பனியன் செல்லும், திருப்பூர்க்காரன் செல்லமாட்டான். இரண்டும் ஒரே நியாயம்தான்.

அந்த நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமைக்ரான் என்ற புதுக் கிருமியைக் கண்டுபிடித்து, மறைக்காமல் உலகத்துக்கு அறிவித்தார்கள். நன்றியாகக் கிடைத்தது என்ன? அவர்கள் நாட்டு விமானங்களுக்குத் தடை! இதைப் பிரயாணத்தில் நிறவெறி என்று ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளரே கண்டித்தார்.

சட்டமே சொல்கிறது!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பிரயாணியிடம் சோதனைக்குக் காசு வாங்கக் கூடாது என்று நாம் மட்டும் சொல்லவில்லை. உலக நாடுகள் கையெழுத்திட்ட விதியே சொல்கிறது. சர்வதேச சுகாதார விதிமுறைகள் என்பது 2005-ல் நிறைவேறி, 2007 ஜூனில் அமலுக்கு வந்தது. இந்தியாவும் அதற்குக் கட்டுப்பட்ட நாடு. அதன் 40-வது ஷரத்து என்ன சொல்கிறது? பிரயாணியின் உடல்நிலையை அறிய ஒரு நாடு நடத்தும் வைத்தியப் பரிசோதனைக்கு அந்த நாடு கட்டணம் வசூலிக்கக் கூடாது. தனிமைப்படுத்தி வைத்தாலும் அதற்குக் கட்டணம் கூடாது.

நடந்தது என்ன? 2021 பிப்ரவரியில் பிரிட்டன் தனிமை விடுதிக்குத் தலைக்கு 1,750 பவுண்டு வசூலித்தது. இந்தியா பிப்ரவரி 22 முதல் பிரிட்டன், பிரேஸில், தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவர்களைச் சொந்தச் செலவில் சோதித்துக்கொள்ளச் சொன்னது. டிசம்பர் 1 முதல், ஆபத்தான நாடுகள் என்று பட்டியல் போட்டு, அங்கிருந்து வருவோர் காசு கட்டிச் சோதித்து, முடிவு வரும்வரை நிலையத்திலேயே காத்திருக்க வேண்டும் என்றது. அதே உத்தரவில், மற்ற நாடுகளிலிருந்து வருவோரில் நூற்றுக்கு இரண்டு பேரைப் பொறுக்கிச் சோதிக்கும் செலவை மட்டும் விமானப் போக்குவரத்து இலாகா ஏற்றுக்கொண்டது. ஆக, சர்க்கார் ஏற்க முடியும் என்று சர்க்காரே காட்டிவிட்டது! முடியாதது அல்ல, மனம் இல்லை.

"சர்க்கார் வசூலிக்கவில்லையே, தனியார் லேபரட்டரிதானே வசூலித்தது?" என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். கட்டளை சர்க்காருடையது, இடம் சர்க்கார் மேற்பார்வையில் இருக்கும் விமான நிலையம். கல்லாப்பெட்டி மட்டும் தனியாருடையது என்பது வக்கீல் வாதமே தவிர நியாயம் அல்ல.

ஆனால் அந்த ஷரத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குடியிருக்க அனுமதி கேட்டு வருகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை என்று ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உல்லாசப் பிரயாணிக்கு இலவசம். பிழைக்கப் போகிறவனுக்குக் கட்டணம்! சட்டம் எழுதும் மேஜையில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லாவிட்டால் இப்படித்தான் எழுதுவார்கள்.

செய்து காட்டியவர்கள்

2021 பிப்ரவரி கடைசியில், வெளிநாட்டிலிருந்து வந்திறங்குவோருக்குச் சோதனை இலவசம் என்று கேரள இடது முன்னணி சர்க்கார் அறிவித்தது. அதைப் பாராட்டுகிறோம். ஆனால் உண்மையை மறைக்க மாட்டோம். 2020 ஜூனில் அதே சர்க்கார், சோதனைச் சர்ட்டிபிகேட் இல்லாமல் வராதீர்கள் என்று சொன்னபோது, வளைகுடாவில் சோதனைக்கு வசதியே இல்லாத தொழிலாளிகள் கொதித்தார்கள். அவர்கள் குரல் எழுப்பினார்கள். சர்க்கார் இறங்கி வந்தது. சோதனை வசதி இல்லாத நாடுகளிலிருந்து வருவோர் கவச உடை அணிந்து வந்தால் போதும் என்று மாற்றியது. நம்முடைய சர்க்காரானாலும் தட்டிக் கேட்டால்தான் சரியாக நடக்கும் என்பது இதிலிருந்து நமக்கும் பாடம்.

மத்திய சர்க்கார் 2020 மே 7-ல் தொடங்கிய 'வந்தே பாரத்' விமானங்களைப் பற்றி எத்தனை விளம்பரம்! வேலை இழந்து, சம்பளப் பாக்கியை விட்டுவிட்டு வந்தவனிடமும் டிக்கெட்டுக்குக் காசு வாங்கினார்கள். லண்டனிலிருந்து வர 50 ஆயிரம், அமெரிக்காவிலிருந்து வர ஒரு லட்சம் என்று மந்திரியே விலை அறிவித்தார். வெளிநாட்டு இந்தியர்களின் கஷ்ட காலத்துக்கென்று 2009-ல் ஏற்படுத்திய நல நிதி இருக்கிறது. அந்தத் தொழிலாளிகள் தூதராலயங்களில் கட்டிய கட்டணத்திலிருந்து சேர்ந்த பணம் அது. அதைத் தாராளமாகத் திறந்துவிட என்ன தடை?

நமக்கென்ன என்று இருக்கலாமா?

"பிளேன் ஏறுகிறவன் பிரச்சினை, மில்லுக்கும் காட்டுக்கும் போகிற நமக்கென்ன?" என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள்.

தோழா, 2020-ல் அவிநாசியிலிருந்து கோயமுத்தூருக்குப் போக உன்னிடமே இ-பாஸ் கேட்டார்களே, மறந்துவிட்டதா? ஆகஸ்டு கடைசி வரை மாவட்ட எல்லையில் நின்றவன் நீதானே? அதே வருஷம் மே மாதம், பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போக ரயில் கேட்டுத் திருப்பூர்த் தெருக்களில் மூட்டையோடு உட்கார்ந்தவன், உன் பக்கத்து மிஷினில் தைத்தவன்தானே? நாலு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு போட்டவர்கள்தான் விமானத்தையும் நிறுத்தினார்கள். தாராபுரத்து விவசாயத் தொழிலாளியின் மகன் இன்று ஷார்ஜாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறான். சிங்கப்பூரில் விடுதியில் அடைக்கப்பட்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளில் நூற்றுக்கு 47 பேருக்கு நோய் வந்துபோனதாக 2020 டிசம்பரில் அந்த நாட்டு சர்க்காரே ஒப்புக்கொண்டது. அதில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்!

"அதெல்லாம் முடிந்த கதை, சோதனையும் சர்ட்டிபிகேட்டும் 2023-ல் ஒழிந்துவிட்டன" என்று சொல்வதும் தப்பு. அடுத்த கொள்ளைநோய்க்கு முதலாளிகள் இப்போதே தயாராகிறார்கள். 2022 ஜூனில் உலக வர்த்தக ஸ்தாபனம் ஊசி மருந்தின் உரிமையை அரைகுறையாகத் தளர்த்தியபோது, சோதனைக் கருவிகளை அதில் சேர்க்காமல் தள்ளி வைத்தது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்டது அதையும் சேர்த்துத்தான். 2025-ல் மத்திய சர்க்கார் 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டத்தின் வரைவை வெளியிட்டது. கேட்க வேண்டிய நேரம் இதுதான். நோய் வந்த பிறகு கேட்டால் ரசீதுதான் கிடைக்கும்.

நம் கோரிக்கைகள்

1. தொற்றுநோய்க் காலத்தில் சர்க்கார் கட்டளையிடும் சோதனை எதுவானாலும் தொழிலாளி காசு கட்டக் கூடாது. சர்க்கார் ஏற்கட்டும், அல்லது ஆளை அழைக்கும் முதலாளியிடம் வசூலிக்கட்டும். இதைக் குடிபெயர்வுச் சட்டத்தில் எழுத வேண்டும்.

2. விமான நிலையங்களில் சோதனைக்கூடத்தைச் சர்க்காரே நடத்த வேண்டும். நோய் உண்டு என்று வந்தால் வைத்தியர் பார்க்க வேண்டும். இரண்டாவது சோதனை இலவசமாக வேண்டும்.

3. சோதனையால் பிரயாணம் நின்றவனுக்கு அதே டிக்கெட்டில் வேறு தேதி தர வேண்டும். விசா காலாவதியானால் நீட்டிப்பு வாங்கித் தருவது தூதராலயத்தின் பொறுப்பு.

4. வெளிநாட்டு இந்தியர் நல நிதியைக் கஷ்டப்படும் தொழிலாளிக்குத் திறந்துவிட வேண்டும். தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நல வாரியம் இதற்காக டில்லியில் வாதாட வேண்டும்.

5. 40-வது ஷரத்தில் பிழைக்கப் போகிறவனை ஒதுக்கும் வாசகத்தை நீக்கும்படி இந்தியா உலக சுகாதார ஸ்தாபனத்தில் கேட்க வேண்டும்.

தோழர்களே! வேலம்பாளையத்து டெய்லர் மறுபடி ஷார்ஜா போகவில்லை. அடகு வைத்ததை மீட்க, திருப்பூரிலேயே ஒன்றரை ஷிப்டு பார்க்கிறார். அவர் அன்று எங்களிடம் கொடுத்த இரண்டு ரசீதும் சங்க ஆபீசில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வீட்டிலும், உறவுக்காரர் வீட்டிலும், காட்டு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டிலும் அப்படி ரசீதுகள் இருக்கும். வீசிவிடாதீர்கள்! சோதனை ரசீது, வீணாய்ப் போன டிக்கெட், வட்டிச் சீட்டு, எதுவானாலும் சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள். ஒற்றை ரசீதைக் காட்டினால் விதி என்பார்கள். கட்டுக் கட்டாய்க் காட்டினால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்!